காற்று முதுகில் இருக்கும்போதுதான் கவனம் தேவை

சிறிய பாய்மரப் படகில் பின்காற்றுக்குப் பாய் கட்டும் அறிவியல்

ஜனவரி பிறந்து வடகிழக்குப் பருவக்காற்று நிலைகொண்டதும், லங்காவியில் தங்கியிருக்கும் சிறிய பாய்மரப் படகுகளில் சில மேற்கு நோக்கிக் கிளம்பும். இலங்கையின் தென்மேற்குக் கரையிலுள்ள காலி அவற்றில் பலவற்றுக்கு ஒரு முக்கியத் தங்குமிடம். இடைப்பட்ட தூரம் ஏறத்தாழ 1,200 கடல் மைல். 10 மீட்டர் நீளமுள்ள படகு சராசரியாக ஐந்தரை நாட் வேகத்தில் போனால், ஒரு நாளைக்கு 132 கடல் மைல் கடக்கும். ஒன்பது, பத்து நாளில் கரை தெரியும். பெரும்பாலான படகுகளில் இருப்பவர்கள் இரண்டே பேர், பல வேளைகளில் கணவனும் மனைவியும்.

இந்தப் பயணத்தில் காற்று படகின் பின்பக்கத்திலிருந்து வீசும். கடாரத்துக்கும் நாகப்பட்டினத்துக்கும் இடையே ஓடிய வணிகக் கப்பல்கள் திசை மாறும்வரை காத்திருந்து பிடித்ததும் இதே பருவக்காற்றைத்தான். பின்காற்றில் போவது சுகம். படகு சாய்வதில்லை, அலை முகத்தில் அறைவதில்லை, வெயிலில் காற்று மெல்ல வருடுவதுபோல் இருக்கும். ஆனால், அனுபவமுள்ள மாலுமிகள் அதிகம் எச்சரிப்பதும் இந்தச் சுகத்தைப் பற்றித்தான். பின்காற்று தன் பலத்தை மறைத்துக்கொண்டு வருகிறது. அந்த மறைந்த பலத்தைக் கணக்கில் எடுத்துப் பாய் கட்டியிருக்கிறோமா என்பதே கேள்வி.

உணரும் காற்றும் உண்மைக் காற்றும்

ஒரு சிறு கணக்கைப் பார்ப்போம். காற்று 20 நாட் வேகத்தில், அதாவது மணிக்கு 37 கிலோமீட்டரில் வீசுகிறது. படகு அதே திசையில் 6 நாட் வேகத்தில் ஓடுகிறது. படகில் இருப்பவருக்கு எவ்வளவு காற்று தெரியும்? 20இலிருந்து 6ஐக் கழித்தால் 14 நாட். பாய் உணர்வதும் அவ்வளவுதான்.

இப்போது ஏதோ ஓர் அவசரம். படகைத் திருப்பிக் காற்றை எதிர்கொள்ள வேண்டியிருக்கிறது. காற்றுக்கு 45 பாகையில், 5 நாட் வேகத்தில் படகு முன்னேறினால், படகின் வேகம் இப்போது காற்றோடு சேர்ந்துகொள்ளும். பாய் உணரும் காற்று ஏறக்குறைய 24 நாட் ஆகிவிடும். காற்றின் விசை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும் என்பதால், 14 நாட் 24 ஆகும்போது விசை கிட்டத்தட்ட மூன்று மடங்காகிறது. வீசும் காற்று மாறவே இல்லை. படகின் திசை மட்டுமே மாறியது.

ஆகவேதான் பின்காற்றில் போகும்போது "இன்னும் கொஞ்சம் பாய் விரிக்கலாமே" என்ற ஆசை ஆபத்தானது. பாயின் அளவை முடிவு செய்யும்போது உடலில் படும் காற்றை நம்பக்கூடாது. படகின் வேகத்தையும் கூட்டி, உண்மைக் காற்றின் வேகத்தைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

அதிகப் பாய் விரித்தால் வேகமும் அதற்கேற்பக் கூடிவிடாது. கனமான அடிப்பாகம் கொண்ட படகு ஓடும்போது, தானே ஓர் அலையை எழுப்பி அதன் பள்ளத்தில் சிக்கிக்கொள்கிறது. நீரில் படியும் நீளம் எட்டரை மீட்டராக இருந்தால், அதன் இயல்பான வேக எல்லை சுமார் 7 நாட். அந்த எல்லையை நெருங்கியபின் விரிக்கும் ஒவ்வொரு சதுர மீட்டரும் வேகத்தைவிடச் சுமையைத்தான் அதிகம் கூட்டும்.

தள்ளுவதா, இழுப்பதா?

சக்கரம் வைத்த ஒரு வண்டியைக் கயிறு கட்டி இழுத்துப் பாருங்கள். அது உங்கள் பின்னாலேயே ஒழுங்காக வரும். அதே வண்டியைப் பின்னால் நின்று ஒற்றைக் கோலால் தள்ளிப் பாருங்கள். சற்றே கோணம் தவறினாலும் வண்டி ஒரு பக்கம் திரும்பிக்கொள்ளும். பின்காற்றில் ஓடும் படகின் முழு நிலைத்தன்மையும் இந்த வேறுபாட்டில் அடங்கியிருக்கிறது.

இன்றைய சிறு படகுகளில் பெரும்பாலும் ஒரே பாய்மரம். மரத்துக்குப் பின்னால் பெரிய பாய். அதன் அடி விளிம்பை ஒரு நீண்ட கழி தாங்கும், அதைப் பூம் என்பார்கள். மரத்துக்கு முன்னால், மர உச்சியிலிருந்து அணியம் வரை, அதாவது படகின் முன்முனை வரை, இழுத்துக் கட்டிய கம்பியில் முன்பாய் நிற்கும். பாயின் மூலையை இழுத்துப் பிடிக்கும் கயிற்றுக்குத் தாமான் என்பது பழைய கடலோரச் சொல்.

பின்காற்றில் பெரிய பாயை ஒரு பக்கமாக முழுதும் வெளியே விட வேண்டும். அதன் பரப்பு 25 சதுர மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். நாம் பார்த்த 14 நாட் காற்றில் அதன்மேல் சுமார் 95 கிலோ எடைக்கு ஈடான விசை விழும். அந்த விசை படகின் நடுக்கோட்டில் விழாமல் சுமார் 2 மீட்டர் தள்ளி விழுகிறது. விளைவு, படகு ஓயாமல் காற்றை நோக்கித் திரும்பப் பார்க்கும். பின்னாலிருந்து வரும் பேரலை படகின் பின்புறத்தைத் தூக்கும் நேரத்தில் சுக்கானின் ஒரு பகுதி நீருக்கு மேலே வந்து பிடியை இழக்கும். அந்த ஒரு கணத்தில் படகு பக்கவாட்டில் சுழன்று அலைக்குக் குறுக்கே படுத்துவிடலாம்.

முன்பாய் அப்படியல்ல. அதன் இழுப்பு படகின் முன்முனையில் விழுகிறது. படகு பின்தொடர்கிறது. நெடுந்தூரப் பின்காற்றுப் பயணத்துக்கு மாலுமிகள் பெரிய பாயைச் சுருக்கி அல்லது முற்றாக இறக்கி, பரப்பை முன்னால் கொண்டுபோவதன் காரணம் இதுதான்.

இரட்டைப் பாயின் கதை

1897இல் ஜோஷுவா ஸ்லோக்கம் தனி ஆளாக, ஸ்பிரே என்ற 11 மீட்டர் படகில், ஆஸ்திரேலியாவின் வட முனையிலுள்ள தேர்ஸ்டே தீவிலிருந்து கோக்கோஸ் கீலிங் தீவுகளுக்கு இந்தியப் பெருங்கடலில் ஓடினார். 2,700 மைல், 23 நாள். அத்தனை நாளிலும் சுக்கான் பிடியில் அவர் கை வைத்தது மொத்தம் மூன்று மணி நேரத்துக்கு மேல் இல்லை என்று எழுதியிருக்கிறார். சுக்கானைக் கட்டிவிட்டு அவர் படிக்கவும் சமைக்கவும் தூங்கவும் செய்தார். நீண்ட அடிக்கட்டையும் நன்கு சமன்பட்ட பாய்களும் கொண்டிருந்ததால் ஸ்பிரே அப்படி ஓடியது. எல்லாப் படகும் அப்படி ஓடாது.

மற்றப் படகுகளுக்கு வழி பிறந்தது 1930களில். அயர்லாந்துக்காரரான ஓட்வே வாலர் 1930இல் தமது இமோஜென் படகில் இரண்டு முன்பாய்களை இருபுறமும் கழிகளால் விரித்து, அவற்றின் தாமான்களைச் சுக்கான் பிடியோடு இணைத்தார். 1933இல் பிரெஞ்சு ஓவியர் மரேன் மரி, வின்னிபெல் என்ற படகில் தனியாக அட்லாண்டிக்கைக் கடந்தபோது, நிலையாக வீசும் வணிகக் காற்றில் இதே வகை இரட்டைப் பாயைப் பயன்படுத்தினார்.

இதன் இயக்கம் எளிமையானது. இரண்டு கழிகளின் முனைகளும் சற்று முன்னோக்கி இருக்கும். மேலிருந்து பார்த்தால் இரு பாய்களும் பறவை விரித்த சிறகுபோல் தெரியும். படகு இடப்பக்கம் திரும்பிவிட்டால், இடப்பக்கப் பாய் காற்றை நேருக்கு நேர் வாங்கும். வலப்பக்கப் பாய்க்குக் காற்று சாய்வாகவே கிடைக்கும். இடப்பக்க இழுப்பு கூடுவதால் முன்முனை மறுபடி வலப்பக்கம் திரும்பும். அதே நேரத்தில் இடப்பக்கத் தாமான் சுக்கான் பிடியைத் தன் பக்கம் இழுக்கும். பிடி இடப்பக்கம் போனால் படகு வலப்பக்கம் திரும்பும். மின்சாரம் இல்லை, மோட்டார் இல்லை. காற்றே படகை ஓட்டுகிறது.

இன்று காற்றுத் தகட்டால் இயங்கும் சுக்கான் கருவியும் மின்சாரத் தானியங்கிச் சுக்கானும் வந்துவிட்டன. ஆனாலும் இரட்டைப் பாய் வழக்கொழியவில்லை. காற்றுத் தகடு உணரும் காற்றை நம்பி இயங்குவது. பின்காற்றில் அந்தக் காற்றே குறைந்துவிடுவதால் அதன் பலமும் குறையும். மின்சாரச் சுக்கானோ, படகு அடிக்கடி திசை தவறினால் மின்கலத்தைக் காலி செய்யும். பாய்கள் சமநிலையில் இருந்தால் இரண்டு கருவிகளுக்கும் வேலை குறைவு.

ஒரு கழி, மூன்று கயிறு

பின்காற்றில் முன்பாயை அப்படியே விட்டால் பெரிய பாயின் நிழலில் சுருங்கி விழும். காற்று கிடைக்கும்போது படாரென்று விரியும், பிறகு மறுபடி விழும். இப்படி அடித்துக்கொண்டே இருக்கும் பாய் சில நாளில் தையல் விடும். எனவே, அதன் மூலையை ஒரு கழியால் வெளியே தள்ளிப் பிடிக்க வேண்டும். கழியின் ஒரு முனை பாய்மரத்தில் பொருந்தும். நீளம் பொதுவாக மரத்துக்கும் முன்முனைக் கம்பியின் அடிக்கும் உள்ள தூரத்தை ஒட்டியிருக்கும். 10 மீட்டர் படகில் அது சுமார் 4 மீட்டர்.

முக்கியமான விதி ஒன்று உண்டு. கழியைப் பாய் தாங்கக்கூடாது, கழி தன் சொந்தக் கயிறுகளில் நிற்க வேண்டும். கழியின் வெளிமுனைக்கு மூன்று கயிறுகள் தேவை. ஒன்று மரத்திலிருந்து மேலே தூக்கிப் பிடிக்கும். ஒன்று முன்முனையை நோக்கி இழுக்கும். மூன்றாவது படகின் பின்புறத்தை நோக்கி இழுக்கும். மூன்றையும் இறுக்கிவிட்டால் கழி எந்தப் பக்கமும் அசையாது. தாமான் கழியின் முனையிலுள்ள வளையத்தின் வழியாகத் தடையின்றி ஓடும்.

வரிசை இதுதான். முதலில், பாய் சுருண்டிருக்கும்போதே கழியை அதன் இடத்தில் நிறுத்துங்கள். மூன்று கயிறுகளையும் இறுக்குங்கள். பிறகுதான் தாமானை இழுத்துப் பாயை விரிக்க வேண்டும். காற்று கூடினால் சுருட்டும் கயிற்றை இழுத்துப் பாயைத் தேவையான அளவுக்குச் சுருட்டிக்கொள்ளலாம். கழி அப்படியே நிற்கும். இருட்டில், ஆடும் மேல்தளத்தில், முன்னால் போய்க் கழியோடு போராட வேண்டியதில்லை. எல்லாவற்றையும் பின்னால் உட்கார்ந்தபடியே ஒருவர் செய்துவிடலாம்.

இரண்டு முன்பாய்களையும் ஒரே சுருட்டு உருளையில் ஏற்றும் முறையும் உண்டு. ஒரே கயிற்றை இழுத்தால் இரண்டும் ஒன்றாகச் சுருளும். காற்று நேர்ப்பின்னாலிருந்து 30 பாகை வரை விலகினாலும், ஒரு கழியை முன்னுக்கும் மற்றதைப் பின்னுக்கும் நகர்த்திச் சமாளிக்கலாம். அதற்கும் மேல் விலகினால், காற்றடிக்கும் பக்கத்துக் கழியை எடுத்துவிட்டு, இரு பாய்களையும் மறுபக்கம் ஒன்றன்மேல் ஒன்றாக ஓடவிடலாம்.

இலேசான காற்றுக்கு வயிறு உப்பிய ஸ்பின்னக்கர் பாய் அருமையானது. ஆனால், திடீர்க் காற்றில் அதை இறக்கப் பல கைகள் வேண்டும். இரண்டு பேர் மட்டுமே உள்ள படகில் அதைப் பகலில் மட்டும் ஏற்றிப் பொழுது சாய்வதற்குள் இறக்கிவிடுவது நல்லது.

புரளும் பூம்

பெரிய பாயையும் விரித்து ஓடுவோர் ஓர் ஆபத்தை மறக்கக்கூடாது. படகு சற்றே அதிகமாகத் திரும்பினால், காற்று பாயின் மறுபக்கத்தைப் பிடித்துக்கொள்ளும். அந்தக் கணத்தில் பூம் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குப் புரண்டு பாயும். வழியில் மனிதத் தலை இருந்தாலும் அது நிற்காது.

2016 ஜூனில் நியூசிலாந்திலிருந்து பசிபிக் தீவுகளை நோக்கிப் போன பிளாட்டினோ என்ற படகில் தானியங்கிச் சுக்கான் கோளாறால் இப்படித்தான் பாய் புரண்டது. இருவர் உயிரிழந்தனர். அது 20 மீட்டர் நீளப் படகு, அனுபவமுள்ளவர்கள் ஓட்டியது.

இதைத் தடுக்கத் தடுப்புக் கயிறு கட்டுவார்கள். பூமின் கடைசி முனையிலிருந்து தொடங்கி, முன்முனையிலுள்ள கப்பி வழியாகப் பின்னால் ஓட்டுபவரின் கைக்கு எட்டும்படி அது வர வேண்டும். பூமின் நடுவில் கட்டுவது தவறு. பூமின் முனை அலையில் மூழ்கினால், நடுவில் பிடித்த கயிறே பூமை ஒடிக்கும் நெம்புகோலாகிவிடும். சற்று நெகிழும் நைலான் கயிறு அதிர்ச்சியைத் தாங்கும். எத்தனை உறுதியாகக் கட்டியிருந்தாலும், பூம் புரளும் வீச்சுக்குள் தலையைக் கொண்டுபோகாமல் இருப்பதே முதல் பாதுகாப்பு.

ஆட்டமும் தேய்மானமும்

காற்று பக்கத்திலிருந்து வீசும்போது பாயின்மேல் விழும் அழுத்தம் படகை ஒரு பக்கம் சாய்த்து, ஆடவிடாமல் பிடித்துக்கொள்கிறது. நேர்ப்பின்காற்றில் அந்தப் பிடி இல்லை. படகு ஊஞ்சலைப்போல் இருபுறமும் உருளும். அலையின் தாளமும் படகின் தாளமும் ஒத்துப்போனால் ஆட்டம் கூடிக்கொண்டே போகும். கழிகளை அசையாமல் இறுக்குவதும், நன்றாகச் சுருக்கிய பெரிய பாயை நடுக்கோட்டில் விறைப்பாகக் கட்டி வைப்பதும் ஆட்டத்தைக் குறைக்கும்.

இன்னொரு வழி, நேராக ஓடாமல் 20, 30 பாகை விலகி, முதலில் ஒரு பக்கமும் பிறகு மறுபக்கமும் சாய்ந்து போவது. 20 பாகை விலகினால் தூரம் 6 விழுக்காடு கூடும். 30 பாகை என்றால் 15 விழுக்காடு. காற்று குறைவாக இருக்கும்போது, விலகி ஓடும் படகின் வேகம் இந்த இழப்பை ஈடுகட்டிவிடுவது உண்டு. காற்று பலமாக இருந்தால் படகு ஏற்கெனவே தன் வேக எல்லையில் இருப்பதால், நேர்வழியே லாபம்.

ஆட்டத்தோடு வருவது தேய்மானம். படகு 5 விநாடிக்கு ஒரு முறை உருண்டால், ஒரு நாளில் 17,280 முறை. காலிக்குப் போகும் ஒன்பது நாளில் ஒன்றரை லட்சத்துக்கும் மேல். ஒவ்வொரு முறையும் தாமான் கழியின் வளையத்தில் ஒரே இடத்தில் உரசுகிறது. பெரிய பாயின் துணி பக்கவாட்டுக் கம்பியில் உரசுகிறது. எனவே, காலையும் மாலையும் ஒரு சாண் அளவு தாமானை இழுத்தோ தளர்த்தோ உரசும் இடத்தை மாற்ற வேண்டும். கம்பியைத் தொடும் துணிக்கு ஒட்டு போட வேண்டும். சுருட்டும் கயிற்றையும் பார்க்க வேண்டும். அது இரவில் அறுந்தால், சுருக்கி வைத்த பாய் முழுதும் ஒரே நொடியில் விரிந்துவிடும்.

ஒரு நிமிடத்தில் பாய் சுருளுமா?

விடியற்காலையில் மலாக்கா நீரிணையைத் தாண்டி வந்து மரங்களைச் சாய்க்கும் சுமத்ரா காற்றைத் தீபகற்பத்தின் மேற்குக் கரையிலும் சிங்கப்பூரிலும் இருப்பவர்கள் அறிவார்கள். அதன் பருவம் வேறு. ஆனாலும் வெப்பக்கடலில் இடிமேகம் கொண்டுவரும் திடீர்க் காற்று எந்த மாதத்திலும் வரலாம். உணரும் காற்று 12 நாட்டிலிருந்து 30ஆக உயர்ந்தால், பாயின்மேல் விசை ஆறு மடங்குக்கும் மேல்.

அதைவிடப் பெரிய சோதனை, ஒருவர் கடலில் தவறி விழுவது. 6 நாட் வேகத்தில் ஓடும் படகு ஒரு நிமிடத்தில் 185 மீட்டர் விலகிப் போகும். ஐந்து நிமிடத்தில் அரைக் கடல் மைல். அலைகளுக்கிடையே ஒரு மனிதத் தலையை அந்தத் தூரத்தில் காண்பது மிகக் கடினம். படகில் மிஞ்சியிருப்பவர் ஒருவரே. அவர் பாயைச் சுருட்டி, இயந்திரத்தை இயக்கி, மூன்று மடங்காகக் கூடிவிட்ட விசையோடு காற்றை எதிர்த்துத் திரும்பி வர வேண்டும். கழிகளோடு பிணைத்துக் கட்டிய, இறக்கப் பத்து நிமிடமாகும் பாய் அமைப்பு எத்தனை வேகம் தந்தாலும் அந்த நேரத்தில் பயன்படாது. அதனால்தான் மேல்தளத்தில் நடக்கும்போது இடுப்புக் கச்சையின் கொக்கியைப் படகில் மாட்டிக்கொள்வது கட்டாயம்.

எனவே, புறப்படுவதற்கு முன் துறைமுகத்துக்கு வெளியே ஒரு நாளைப் பயிற்சிக்கு ஒதுக்குவது நல்லது. இருவரும் தனித்தனியே, மற்றவரின் உதவியின்றி, கழியை நிறுத்தவும் பாயை விரிக்கவும் முழுதும் சுருட்டவும் பழக வேண்டும். பகலில் கைவந்தபின் இருட்டிலும் ஒரு முறை செய்து பார்க்க வேண்டும். பலசாலியான ஒருவருக்கு மட்டுமே சுருளும் பாயானால், பரப்பைக் குறைப்பதே சரி. பின்காற்றுக்கு எவ்வளவு பாய் விரிக்கலாம் என்ற கேள்விக்கு விடை, படகில் இருப்பவர்களில் பலம் குறைந்தவர் நடுஇரவில் தனியாகச் சுருட்டக்கூடிய அளவு என்பதே.